கீழக்கரை தொதல் வீட்ல கிண்டிப் பாத்தேன், களி ஆயிடுச்சு. எங்க தப்பு பண்ணேன்?

தீனிமூட்டை (கோவை)

வணக்கம் மக்களே. நமக்கு ஒரு வியாதி இருக்குங்க, எந்த ஊருக்குப் போனாலும் கோயில் கோபுரத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி பேர் தெரியாத பண்டம் எந்தக் கடைல இருக்குன்னுதான் கண்ணு போகும். போன மாசம் குடும்பத்தோட ராமேஸ்வரம் போயிட்டு வரப்ப டிரைவர் அண்ணன் ஏர்வாடில ஒரு ஆளைப் பாக்கணும்னு ராமநாதபுரத்துல இருந்து வண்டிய கீழக்கரைப் பக்கம் திருப்பிட்டாரு. அங்க டீ குடிக்க நிறுத்துன எடத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள கருகருன்னு, எண்ணெய் தேச்ச மாதிரி மினுமினுன்னு ஒண்ணு இருந்துச்சு. அல்வாவான்னு கேட்டேன், கடைக்காரர் ஒரு மாதிரி பாத்துட்டு "இது தொதல்"னு சொல்லி கத்தில ஒரு துண்டு வெட்டிக் குடுத்தாரு. கத்தி சாமானியமா வெளிய வரல, அவ்வளவு பிசுக்கு.

வாயில போட்டதும் மொதல்ல கருப்பட்டியோட அந்தப் பொகை வாசம், அப்புறம் தேங்காய், மெல்ல மெல்ல நடுவுல ஒரு முந்திரி. நெய்யே இல்ல, ஆனா வெரல்ல எண்ணெய் ஒட்டுது, மோந்து பாத்தா தேங்காயெண்ணெய். அல்வா மாதிரி வழுக்கிட்டு உள்ள போகாது, பல்லுல கொஞ்ச நேரம் இருந்து பேசிட்டுத்தான் போகும். ஒரு கிலோ வாங்கினேன், மதுரை தாண்டறதுக்குள்ள அரைக் கிலோ காலி.

சரி நாமளே பண்ணலாமேன்னு போன ஞாயித்துக்கெழமை எறங்கினேன். கடைல வாங்கின இடியாப்ப மாவு ஒரு டம்ளர், பாக்கெட் தேங்காய்ப்பால் 200 மில்லி ரெண்டு, ஒரு ஆன்லைன் கடைல வாங்கின கருப்பட்டி அரைக் கிலோ. நான்ஸ்டிக் கடாயில 40 நிமிஷம் கிண்டினேன். எண்ணெய் ஒரு சொட்டு கூட பிரியல. பச்சை மாவு வாடை வேற, நடுநடுவுல மண்ணு நறநறன்னு. வீட்டம்மா பாத்துட்டு "இத வெச்சு செவுத்துல போஸ்டர் ஒட்டலாங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க.

இதுல நான் எங்க சறுக்கினேன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. அப்படியே இது மாதிரி அந்தக் கடலோரத்துல நான் பாக்காம விட்ட பண்டம், சமையல் சாமான் எதாவது இருந்தாலும் சொல்லுங்க. தயவு பண்ணி திருநெல்வேலி அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, மணப்பாறை முறுக்குன்னு ஆரம்பிக்காதீங்க, அதெல்லாம் தின்னு தீத்தாச்சு.

---

கீழக்கரை லாத்தா

தம்பி, எங்க ஊரு வழியா போயி ஒரு கிலோவோட திரும்புனியளா, ரெண்டு கிலோ வாங்கிருக்கணும் :)

மொதல் தப்பு பாக்கெட் பால். அது திரியாம, எண்ணெய் தனியா பிரியாம இருக்கணும்னுதான் அதுல சாமான் சேத்து கெட்டிப்படுத்தி அடைக்கிறாங்க. தொதலுக்கு நமக்கு வேண்டியதே எண்ணெய் பிரியறதுதானே. அப்ப ரெண்டுக்கும் சண்டை. தேங்காய் நல்லா முத்தினதா இருக்கணும், இளசு வெச்சா பால்ல எண்ணெய் இருக்காது.

ரெண்டாவது, அளவு. ஒரு டம்ளர் மாவுக்கு 400 மில்லி பால் போட்டா களி ஆகாம என்ன ஆகும். எங்க வீட்டுல 200 கிராம் அரிசி மாவுக்கு 600 கிராம் கருப்பட்டி, பால் எல்லாம் சேத்து ஒண்ணரை லிட்டர் வரும். பெரிய தேங்காயா நாலு ஒடைக்கணும். பச்சரிசிய ஊறப்போட்டு நெழல்ல ஒணத்தி இடிச்ச மாவு, லேசா வறுத்து சலிச்சது. கொஞ்சம் சவ்வரிசியும் ஊறவெச்சு போடுவோம், சில வீட்டுல பாசிப்பருப்பு வேகவெச்சு சேப்பாக, அது அவங்கவங்க வழக்கம்.

செய்முறை இதுதான், கவனமா கேட்டுக்கங்க. மூணாம்பால், ரெண்டாம்பால்ல மாவைக் கட்டியில்லாம கரைச்சு அடுப்புல வெச்சு மாவு வெந்து கஞ்சியா வரணும். கருப்பட்டிய தனியா தண்ணி விட்டு ஒருக்கா கொதிக்கவெச்சு துணில வடிகட்டி (உங்களுக்கு நறநறன்னதுக்கு இதுதான் காரணம், வடிகட்டாத கருப்பட்டில மண்ணும் ஓலைத்தூசியும் இருக்கத்தான் செய்யும்) அப்புறமா ஊத்தணும். மாவு வேகறதுக்கு முன்னாடி இனிப்பு போட்டுட்டா அது வேகவே வேகாது, பச்சை வாடை போகாது. கடைசியாத்தான் முதப்பால், அதையும் மொத்தமா கொட்டாம அரை அரை கப்பா, உள்ள இழுத்ததும் அடுத்தது.

அப்புறம் கிண்டணும். நீங்க 40 நிமிஷம்னு எழுதியிருந்தத பாத்து எங்க உம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே. கொறஞ்சது ரெண்டு ரெண்டரை மணி நேரம், கல்யாண வீட்டுக்கு அண்டால கிண்டுனா அதுக்கும் மேல, ஆளு மாத்தி மாத்தி துடுப்பு புடிக்கணும். கடைசி அரை மணி நேரம்தான் வேடிக்கை. அதுவரைக்கும் கூழா கெடந்தது திடீர்னு சட்டிய விட்டு உருண்டு வரும், ஓரத்துல எண்ணெய் நுரைச்சு நுரைச்சு நிக்கும், அந்த எண்ணெய எறுத்துக்கிட்டே வரணும். கையில தொட்டா ஒட்டக்கூடாது. அப்ப எறக்கி தட்டுல கொட்டி ஒரு ராத்திரி விடணும். சுடச்சுட வெட்டுனா நீங்க சொன்ன போஸ்டர் பசைதான் வரும்.

நான்ஸ்டிக் வேணாம், அடி கனமான உருளி இல்லாட்டி இருப்புச்சட்டி.

---

சுகர்_இருக்கு_ஆசையும்_இருக்கு

600 கிராம் கருப்பட்டிங்கறத படிச்சதுமே எனக்கு மீட்டர்ல 20 ஏறிடுச்சு. கருப்பட்டி நல்லதுன்னு சொல்லிட்டு யாரும் வராதீங்க, என் மாமனார் அப்படி சொல்லியே ஒரு டப்பா காலி பண்ணினாரு, அப்புறம் டாக்டர் கிட்ட திட்டு வாங்குனது நான்தான். நீங்க எல்லாரும் எழுதுங்க, நான் படிச்சே திங்கறேன்.

---

தேரிக்காட்டான்

லாத்தா சொன்னதுல ஒண்ணு சேத்துக்கிடுதேன், கருப்பட்டி. அண்ணாச்சி ஆன்லைன்ல வாங்கினேன்னு எழுதிருக்கிய, அதுல பாதி சீனியா இருக்க வாய்ப்பு உண்டு. எங்க உடன்குடி பக்கம் 2023ல புவிசார் குறியீடு கெடச்சதுக்கு அப்புறம் உடன்குடிங்கற பேரு எல்லா அட்டைலயும் ஏறிட்டு, எங்க ஊர்ல இருக்க பனைய எண்ணிப் பாத்தா அவ்வளவு கருப்பட்டி வரவே வராது.

வெலை குறைவா எப்படி குடுக்க முடியும்னு யோசிச்சுப் பாருங்க. பத்து லிட்டர் பதனி காச்சுனா ஒண்ணு, மிஞ்சிப்போனா ஒண்ணரை கிலோதான் கருப்பட்டி. பனையேறி காலைலயும் சாயங்காலமும் மரம் ஏறணும், பாளைய சீவணும், கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவணும், சுண்ணாம்பு தடவலன்னா அது புளிச்சு கள்ளாயிடும். அத எறக்கி விடிலில (பதனி காச்சுற ஓலைக்குடிசை) வெச்சு ஓலையும் விறகும் எரிச்சு காச்சி, கூப்பனி (பாகு) பதம் தாண்டி, செரட்டைல ஊத்தி எடுக்கணும். இவ்வளவும் பங்குனில இருந்து ஆடி வரைக்கும் ஒரு சில மாசந்தான். அதுக்குள்ள வருசத்துக்கான சம்பாத்தியத்த பாத்துக்கிடணும். எங்க தாத்தா ஏறுன மரத்துல எங்க அப்பா ஏறல, நான் ஏறவே தெரியாம வளந்துட்டேன், ஊருக்குப் போறப்ப பட்டைல பதனி குடிக்கறதோட சரி.

நாங்க எப்படி பாப்போம்னா, ஒடச்சுப் பாக்கணும். உள்ள மினுக்மினுக்குன்னு சீனிப்பரல் மின்னுனா கலப்பு. அசலு மங்கலா, பொரபொரன்னு இருக்கும், நாக்குல வெச்சா இனிப்புக்குப் பின்னாடி லேசா ஒரு கரிப்பு வரும். மழைக்காலத்துல அசலு கசிஞ்சு எளகும், அதனால பழைய வீடுகள்ல அடுப்புக்கு மேல பரண்ல ஏத்தி பொகை படற மாதிரி வைப்பாங்க. நீங்க சொன்ன அந்தப் பொகை வாசம் அங்கயும் சேரும், காச்சுறப்பவும் சேரும். சீசன்ல வந்தா சில்லுக் கருப்பட்டி கேட்டு வாங்குங்க, சின்ன சின்ன வில்லையா சுக்கு மொளகு போட்டது, சும்மா வாயில போட்டுக்கிடலாம்.

அப்புறம் நீங்க கேட்ட புதுப்பண்டம். சாத்தான்குளத்துக்குப் பக்கத்துல முதலூர்னு ஒரு ஊர் இருக்கு. 1799ல கிறிஸ்தவங்க சேந்து உண்டாக்குன ஊர், முதல் ஊர் அதான் முதலூர். அங்க மஸ்கோத் அல்வான்னு ஒண்ணு போடுவாங்க. நெய் கெடையாது, எல்லாமே தேங்காய்ப்பால்தான். மைதாவப் பிசைஞ்சு தண்ணில ஊறவெச்சு பால் எடுத்து, அதுல தேங்காய்ப்பாலும் சீனியும் ஊத்தி மணிக்கணக்குல கிண்டி, தேங்காய்ல இருந்து வர்ற எண்ணெய்லயே வெந்து எறங்கும். தொதல் அரிசின்னா இது கோதுமை, ரெண்டும் பெரியப்பா சித்தப்பா மக்க மாதிரி. வாயில போட்டா தொதல் அளவுக்கு இழுக்காது, துள்ளும்.

தூத்துக்குடி மக்ரூன் தின்னாச்சான்னு நீங்க எழுதல, அதனால சொல்லுதேன். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு, மூணே சாமான். கூம்பு கூம்பா இருக்கும், பிரெஞ்சுக்காரன் பாதாம்ல போடுததுக்கும் இதுக்கும் பேர்தான் ஒண்ணு. காத்து பட்டா போச்சு, ஈரக்காத்துல அரைமணி நேரத்துல நமத்து பல்லுல ஒட்டிக்கும். பொட்டலத்தப் பிரிச்சா அன்னைக்கே முடிச்சுடணும், அதான் அதோட தர்மம்.

---

யாழ்_பனங்காட்டான்

வணக்கம். தொதல் எண்டு பாத்த உடனே உள்ள வந்தன். எங்கட வீட்டிலயும் தொதல் தான், வருசப்பிறப்புக்கு அம்மா சிவப்பு பச்சையரிசி மாவில கிண்டுவா, பயறு வறுத்துப் போட்டு. முதற்பால், கப்பிப்பால் எண்டு ரெண்டாப் பிரிச்சு வைக்கிறது, லாத்தா சொன்ன அதே முறை. தெற்கில ஹம்பாந்தோட்டைப் பக்கம் சிங்கள ஆக்கள் கித்துள் கருப்பட்டியில செய்யிறதை கலு தொதொல் எண்டு சொல்லுவினம், கலு எண்டால் கறுப்பு. கித்துள் வேற மரம், பனையை விட வாசம் மென்மை.

நீங்கள் சாமான் ஏதும் சொல்லுங்கோ எண்டு கேட்டிருந்தியள். பனையில கருப்பட்டியோட நிண்டிட்டியள், மிச்சத்தையும் பாருங்கோ. பனங்கிழங்கை உங்கட பக்கம் தைப்பொங்கலுக்கு அவிச்சுத் தின்னுவினம், அதோட முடிஞ்சுது. எங்கட பக்கம் பச்சையா கிழிச்சுக் காயவிட்டால் ஒடியல், அவிச்சுக் காயவிட்டால் புழுக்கொடியல். புழுக்கொடியலை தேங்காய்ச் சொட்டோட சேத்துக் கடிச்சுப் பாருங்கோ, பல்லு உறுதியா இருந்தால் மட்டும் :) ஒடியலை மாவாக்கி கூழ் காய்ச்சுறது. அந்த மாவை அப்பிடியே போடப்படாது, கசக்கும், தண்ணியில ஊறவிட்டு மேல் தண்ணியை வாத்துப்போட்டுத்தான் கரைக்கவேணும். மீன், நண்டு, இறால், பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில. பின்னேரம் முற்றத்தில இருந்து பிளாவில (பனையோலையில மடிச்ச கிண்ணம்) குடிக்கிற சாமான், மேசையில கோப்பையில வைச்சுக் குடிச்சால் அந்த ருசி வராது எண்டு அப்பா சண்டை பிடிப்பார்.

பினாட்டு கேள்விப்பட்டிருக்கிறியளோ? பனம்பழத்தைப் பிசைஞ்சு களியைப் பாயில தடவி வெயிலில காயவிட்டு, காயக் காயத் திரும்பவும் தடவி, தோல் மாதிரி உரிச்சு எடுக்கிறது. மாங்காய்த் தோல் மிட்டாய் எண்டு நீங்கள் விக்கிறியளே, அதைப்போல, ஆனால் பனம்பழத்தின்ர அந்தக் காட்டு மணம் எல்லாருக்கும் பிடிக்காது. என்ர மனிசிக்கு வீட்டுக்குள்ள கொண்டுவரவே தடை.

---

பினாங்கு_மாமா

இங்க மலேசியாவுல டோடோல்னு சொல்லுவாங்க, பெருநாள் சமயத்துல மலாய்க்காரங்க வீட்டு வாசல்ல பெரிய கவா (நம்ம அண்டா மாதிரி) வெச்சு காலைல ஆரம்பிச்சா சாயங்காலந்தான் முடியும், ஆம்பளைங்க எல்லாம் சட்டையக் கழட்டிட்டு கிண்டுவாங்க. அரிசி மாவு இல்ல, புளுட் அரிசி மாவு, அதாவது ஒட்டும் அரிசி. இனிப்புக்கு குலா மலாக்கா, அது தென்னை மரத்துக் கருப்பட்டி. பண்டான் எலைய முடிச்சு போட்டு பால்ல வேகவிடுவாங்க. டுரியான் போட்டும் டோடோல் உண்டு, அத திங்கறதுக்கு மனசு தைரியம் வேணும்.

பேரும் ஒண்ணு, செய்யறதும் ஒண்ணு, அதனால இது இங்கிருந்துதான் அங்க கப்பல்ல வந்திருக்கும்னு நினைக்கிறேன்.

---

யாழ்_பனங்காட்டான்

மாமா, கப்பல் ஒரு பக்கம் மட்டும் தானே ஓடினது? :)

---

கீழக்கரை லாத்தா

அதானே. எங்க ஊரு மரைக்காயமாரு அந்தக் காலத்துலேயே கொழும்பு, பினாங்குன்னு யாவாரத்துக்குப் போயி வந்தவங்க. யாரு யாருகிட்ட கத்துக்கிட்டாங்கன்னு இப்ப பஞ்சாயத்து வெச்சு என்ன ஆகப்போவுது, சட்டி சூடா இருக்கறப்ப துடுப்பப் புடிங்க.

மாமா சொன்ன பண்டான்தான் எங்க ஊரு ரம்பை. கொல்லைல தண்ணி போற எடத்துல ஒரு செடி நட்டா போதும், தன்னால பரவும். நெய்ச்சோறுக்கும் பிரியாணிக்கும் எறைச்சிக்கறி தாளிக்கறதுக்கும் நாலு துண்டு போட்டுருவோம். பட்டையோட சேத்து விக்கிறானே காஞ்ச பிரிஞ்சி எலை, அது இல்ல, இது பச்சையா நீட்டமா வாள் மாதிரி இருக்கும். கசக்காம மோந்தா ஒண்ணுமே தெரியாது, கொதிக்கற சோத்துல போட்டாத்தான் வாசம் எந்திரிக்கும். பாஸ்மதி அரிசில வருதே ஒரு வாசம், அதே வாசனைச்சத்துதான் இதுலயும் இருக்காம், காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்ச என் மக சொன்னா. சாதா பொன்னி அரிசில ரெண்டு எலை போட்டு வடிச்சுப் பாருங்க, விருந்தாளி வெலை கேப்பாக.

தம்பி சாமான் கேட்டிய இல்லையா, மாசிய விட்டுட்டாங்க எல்லாரும். சூரை மீன அவிச்சு பொகை போட்டு வெயில்ல காயவெச்சு கட்டை மாதிரி ஆக்குனது. நெசமாவே கட்டை, சுத்தியல்ல தட்டித்தான் ஒடைப்போம். ஒரு சின்ன துண்ட ஒரல்ல இடிச்சு காஞ்ச மொளகா, சின்ன வெங்காயம், தேங்காயோட சேத்து எலுமிச்சை புழிஞ்சா மாசிச் சம்பல். பழைய சோத்துக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். முருங்கைக்கீரைலயும் கடைசியா ஒரு ஸ்பூன் தூவுவோம்.

---

மண்டபத்துக்காரன்

எல்லாரும் கரைலயே நிக்கிறீங்க, கொஞ்சம் தண்ணிக்குள்ள வாங்க. கடல்பாசி, சைனா கிராஸ்னு ரம்ஜானுக்கு வீட்டுல பால், ரோஸ் சிரப்பு ஊத்தி பண்ணுவாங்களே, அது எங்க மன்னார் வளைகுடாக்காரங்களுக்கு வயித்துப்பாடு. மண்டபம், பாம்பன் பக்கம் பொம்பளைங்கதான் போவாங்க. கண்ணுல கண்ணாடி, கையில துணி சுத்தி, கால்ல தகரத்தையோ ரப்பரையோ வெட்டிக் கட்டிக்கிட்டு, மூச்சப் புடிச்சு உள்ள முங்கி பாறைல இருந்து பிச்சு இடுப்புல கட்டுன பைல போடுவாங்க. மரிக்கொழுந்துப் பாசின்னு ஒண்ணு, கஞ்சிப்பாசின்னு ஒண்ணு, ரெண்டுல இருந்தும் இந்த அகர், அதாவது சைனா கிராஸ், எடுக்கலாம். எங்க அம்மாவுக்கு வெரல் நுனி எல்லாம் வெட்டு வெட்டா இருக்கும், புளிக்கொழம்பு பிசையறப்ப எரியும்.

தீனிமூட்டை அண்ணனுக்கு ஒரு டிப்பு. ஜெலட்டின் மாடு பன்னி தோல் எலும்புல இருந்து வர்றது, அது ஃபிரிட்ஜ்ல வெச்சாத்தான் உறையும், நம்ம வெயில்ல மேசைல வெச்சா எளகிடும். கடல்பாசி அப்படி இல்ல, வெளியவே உறைஞ்சிடும், எளகாது. ஆனா நல்லா கொதிக்கவெச்சு முழுசா கரைச்சுடணும், இல்லன்னா வாயில நூல் நூலா தட்டும். எளநீர்ல கரைச்சு உள்ள வழுக்கையத் துண்டு போட்டு உறையவெச்சுப் பாருங்க, எளநீர்லயே இனிப்பு இருக்கு, சீனியே போட வேணாம், சுகர் சாரும் அளவா ருசி பாக்கலாம்.

---

சுகர்_இருக்கு_ஆசையும்_இருக்கு

இந்தத் திரட்டுல ஒரே நல்ல மனுசன் நீங்கதான்யா.

---

தீனிமூட்டை (கோவை)

அப்டேட்டுங்க. நேத்து ரெண்டாவது ரவுண்டு போயாச்சு. தேரிக்காட்டு அண்ணாச்சி சொன்ன மாதிரி அந்தப் பழைய கருப்பட்டிய ஒடச்சுப் பாத்தேன், உள்ள நகைக்கடை மாதிரி மின்னுது. தூக்கிப் போட மனசில்லாம டீக்கு வெச்சுட்டேன். தெரிஞ்சவங்க திருச்செந்தூர் போனாங்க, அவங்ககிட்ட சொல்லி ரெண்டு கிலோ வாங்கியாரச் சொன்னேன்.

நாலு தேங்காய், எங்கம்மாவோட பழைய உருளி, லாத்தா சொன்ன அதே கணக்கு. வடிகட்டின துணில அரை ஸ்பூன் மண்ணு நின்னுச்சுங்க, அதையெல்லாம் மொதல் தடவ தின்னிருக்கோம். ஒண்ணே முக்கா மணி நேரம் ஆகியும் ஒண்ணும் நடக்கல, கை ரெண்டும் கழண்டுடுச்சு, பையனக் கூப்புட்டா ஹோம்வொர்க்குங்கறான், இத்தன நாளா இல்லாத ஹோம்வொர்க்கு. விட்டுடலாம்னு நெனச்சு கரண்டிய வெக்கப் போறேன், அப்பப் பாத்து ஓரத்துல சின்னதா ஒரு நுரை, அப்புறம் பளிச்சுன்னு எண்ணெய் ஒரு கோடு. "அடியே இங்க வாடி"ன்னு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு அக்காவும் ஓடி வந்துட்டாங்க, என்னமோ ஏதோன்னு. மொத்தம் ரெண்டே கால் மணி நேரத்துல சட்டிய விட்டு உருண்டு வந்துச்சு. எறுத்த எண்ணெய் முக்கா டம்ளர் இருந்துச்சு, அத கீழ ஊத்தாம வெச்சிருக்கேன், தலைக்கு தேய்க்கலாமா தோசைக்கு ஊத்தலாமான்னு யோசனை.

அடி கொஞ்சம் புடிச்சிடுச்சு, கடைசில பெருமைல தீயக் கொறைக்க மறந்துட்டேன். அந்தக் கரிஞ்ச வாசம் லேசா இருக்கு, கடைல தின்ன அளவுக்கு இல்லைங்க, பத்துக்கு ஆறு குடுக்கலாம். ஆனா வீட்டம்மா போஸ்டர் பேச்ச எடுக்கல, ராத்திரி பன்னெண்டு மணிக்கு சமையக்கட்டுல சத்தம் கேட்டு போய்ப் பாத்தா உருளி அடிய கரண்டில சொரண்டிட்டு நிக்கறாங்க.

லாத்தா, கோவைல ரம்பைச் செடி எங்க கெடைக்கும்? ரெண்டு நர்சரில கேட்டேன், ரெண்டு எடத்துலயும் தாழம்பூச் செடிய காட்டறாங்க.

---

கீழக்கரை லாத்தா

எறுத்த எண்ணெய்ல தோசை வேணாம் தம்பி, கருப்பட்டி வாசம் இருக்கும். பணியாரம் சுடுங்க.

தாழையும் ரம்பையும் ஒரே சாதிதான், அதான் அவங்களுக்கு கொழப்பம். தாழை எலை ஓரத்துல முள்ளு இருக்கும், கைய கிழிக்கும். இது வழவழன்னு இருக்கும். நர்சரில பேரு சொன்னா புரியாது, அன்னபூர்ணா எலை, பிரியாணி எலைச்செடின்னு கேட்டுப் பாருங்க, அந்தப் பேர்லதான் தொட்டில வெச்சு விக்கிறாங்க. கெடைக்கலன்னா சொல்லுங்க, எங்க மச்சான் அடுத்த மாசம் திருப்பூர் பனியன் சரக்கு எடுக்க வர்றாக, வேரோட ரெண்டு பக்கக்கன்னு ஈரச்சாக்குல சுத்திக் குடுத்து விடுறேன். பதிலுக்கு அந்தத் தொதல்ல ஒரு துண்டு குடுத்து விடுங்க, அடி புடிச்ச பக்கமா பாத்து.